அண்ணிக்கு எளிது பிடிக்காது

மோதிரத்தைக் கழற்றி டீவி மேசை மேல் வைக்கிறார். அடுத்து கைக்கடிகாரம். கூந்தலை உச்சியில் கொண்டையாக முடிந்து, கைவிரல்களில் சொடக்கு எடுத்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கன்ட்ரோலரை மடியில் எடுத்துக்கொள்கிறார் அண்ணி. ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். இனி யார் வந்து கதவைத் தட்டினாலும் கணவர்தான் எழுந்து போக வேண்டும். “இரும்பு ராணிகிட்ட போறேன். யாரும் குறுக்க வராதீங்க” என்று அறிவிப்பு வேறு. வீட்டில் இருப்பதே அவர்கள் இரண்டு பேர்தான்.

மற்ற நாட்களில் அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். துணி எடுக்கக் கடைக்குப் போனாலும் லிஃப்டுக்குள் நுழைந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார். “ரோப்பைக் கவனிச்சு எவ்வளவு நாளாச்சோ” என்று அவர் முணுமுணுத்ததைக் கேட்டு, கூட நின்ற முன்பின் தெரியாத மனிதர் அடுத்த மாடியிலேயே இறங்கிப் படியில் நடந்தது உண்டு. நாத்தனார் வேலை நேரத்திலும் போனில் வாய்க்கு வாய் அண்ணி என்று அழைத்து அழைத்து, வேலையிடத்திலும் அவர் எல்லோருக்கும் அண்ணிதான். முதலாளிக்குக்கூட.

அவர் ஆடுவது, நாலு பேரை வைத்துப் படை கட்டி இரும்பு ராணியின் கோட்டையைப் பிடிக்கும் வீடியோ கேம். சும்மா பட்டனைத் தட்டினால் அதில் வேலைக்காகாது. யாருக்கு எந்தக் கவசம், அதைச் சுமப்பதால் எவன் எவ்வளவு பின்தங்குவான், எந்த விஷத்துக்கு எந்த மருந்து, யார் அடித்த பிறகு யார் அடிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் மனக்கணக்காகவே போட வேண்டும். ஆட்டத்தில் எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று படிகள் உண்டு. அண்ணிக்கு முதல் இரண்டும் இருப்பதே பிடிக்காது. நடுநடுவே வருகிற பேச்சும் பிடிக்காது. ஆட்டத்தில் வரும் ஊர்க்காரர் யாராவது வாயைத் திறந்தால் போதும், ஒரே அமுக்கில் தாண்டிவிடுவார். “கதை வேணும்னா சினிமாவுக்குப் போக வேண்டியதுதானே?”

இதே ஆட்டத்தை ஆடுகிறவர்கள் சேர்ந்த வாட்ஸ்அப் குழு ஒன்றுக்கு அவர்தான் அட்மின். அங்கே அவருக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் என்று பெயர். அந்தக் குழுவில் நாத்தனாரும் இருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், சொந்தமாகக் குடும்பம் நடத்துகிறாள், ஆனாலும் அண்ணன் வீட்டில் அவள் பாப்பாதான். ஞாயிறு தவறாமல் வந்து அண்ணியின் தோளில் சாய்ந்தபடி ஆட்டம் பார்ப்பாள். தன் வீட்டில் ஆடும்போது எளிது என்ற படியில்தான் ஆடுவாள். “நாள் முழுக்க வார்டுல மல்லுக்கட்டிட்டு வரேன் அண்ணி. இங்கயும் வந்து சாகணுமா?” என்பாள். அண்ணிக்கு இந்த நியாயம் காதில் ஏறியதே இல்லை.

ஒருநாள் குழுவில் எளிதில் ஆடுவதெல்லாம் ஓர் ஆட்டமா என்று யாரோ ஆரம்பிக்க, பேச்சு தடித்தது. எளிதில் ஆடுவதும் ஆட்டம்தானே என்று பாப்பா எழுதினாள். “ஒப்புக்குச் சப்பாணிகளுக்கு இங்கே இடமில்லை” என்று பதில் எழுதிவிட்டு, அண்ணி அவளைக் குழுவிலிருந்து நீக்கினார். சொந்த நாத்தனாரை! கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. அடுத்த ஞாயிறு பாப்பா வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

இரும்பு ராணி அதற்கு முன்பும் அண்ணியை ஜெயிக்க விட்டதில்லை. இப்போது நையப் புடைத்தாள். எந்த வாள் பட்டாலும் அவள் கவசத்தில் கீறல்கூட விழவில்லை. தோற்றால் “அய்யோ, அண்ணி!” என்று கத்த ஆளில்லாத வீட்டில் தோற்பது இன்னும் கசந்தது. “தங்கச்சிக்கு ஒரு போன் போடேன்” என்றார் கணவர், பேப்பரிலிருந்து தலை தூக்காமல். “அவ போடட்டும்” என்றார் அண்ணி. ராணி கிடக்கிறாள், பாப்பா இல்லாமல் ஞாயிறு ஞாயிறாகவே இல்லை என்பதுதான் உண்மை.

கடைசியில் ஒரு சாயங்காலம் வேலை முடிந்த கையோடு, கருவிப் பையும் தோளுமாக அவள் வீட்டுக்கே போய்விட்டார். மூன்று மாடி ஏறிய மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் அண்ணிக்கு வாய் குழறியது.

“இந்தப் பக்கம் வந்தேன். உங்க பில்டிங் லிஃப்ட் சத்தம் போடுதுன்னாங்க.”

“எங்க பில்டிங்ல லிஃப்டே இல்லையே அண்ணி.”

இரண்டு பேரும் சிரித்துவிடாமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார்கள். பாப்பாதான் முதலில் தோற்றாள். ஆனால் சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “நீக்குனதுகூடப் பரவால்ல. அத்தனை பேர் முன்னாடி சப்பாணின்னீங்க பாருங்க.”

“தப்புதான் பாப்பா. எனக்குப் பிடிச்ச மாதிரிதான் எல்லாரும் ஆடணும்னு நெனச்சேன். திமிரு.”

“எனக்கு இனியும் எளிதுதான். மாத்திக்க மாட்டேன்.”

“மாத்திக்காத. நானும் மாற மாட்டேன்.”

சமாதானமாகித் தண்ணீர் குடிக்கும்போது பாப்பா சாதாரணமாகக் கேட்டாள்: “ராணிகிட்ட யார் யாரைக் கூட்டிட்டுப் போறீங்க?” அண்ணி நாலு பேரையும் சொன்னார். “கொல்லன் இல்லையா?”

“அந்த மந்தமா? எல்லாரும் ரெண்டு அடி அடிச்சு முடிச்சப்புறம்தான் அவன் கையையே தூக்குவான்.”

“அய்யோ அண்ணி, ராணியோட கவசத்தைச் செஞ்சதே அவன்தானே! எந்தக் கொக்கியில திறக்கும்னு அவனுக்கு மட்டும்தான் தெரியும். சத்திரத்துல உக்காந்து அழுதுகிட்டே சொல்வானே. நீங்க கேக்கலையா?”

அண்ணி டம்ளரைக் கீழே வைத்தார். அந்தக் கொல்லன் எத்தனையோ தடவை வாயைத் திறந்திருக்கிறான். ஒரு தடவைகூட அவர் அவனைப் பேசி முடிக்க விட்டதில்லை.

அந்த ஞாயிறு பாப்பா வந்தாள். கொல்லனும் படையில் சேர்ந்தான். ஒரு மந்தனைச் சேர்த்தால் மற்ற மூவரின் கணக்கும் குலைந்துபோகும்; எளிதில் ஆடினால் தாங்கிவிடலாம், கடினத்தில் தாங்காது. அண்ணி கொல்லனின் கவசம் முழுவதையும் கழற்றிவிட்டு, சட்டையோடு களத்தில் நிறுத்தினார். எடை குறைந்தால் கை சீக்கிரம் எழும். ஆனால் ஓர் அடி பட்டாலும் ஆள் காலி. அவன் முறை வரும்வரை மற்ற மூவரும் மாறி மாறி முன்னால் விழுந்து அடி வாங்கினார்கள். வைத்தியச்சி சாய்ந்தாள். வில்லாளி சாய்ந்தான். பாப்பா அண்ணியின் தோளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். கொல்லன் ஆடி அசைந்து சுத்தியலைத் தூக்கினான். தோள்பட்டைக் கொக்கியில் ஒரே அடி. கவசம் பிளந்து விழுந்தது. ராணியின் மறு அடியில் கொல்லனும் சாய்ந்தான்.

அதற்கப்புறம் அண்ணியின் கட்டை விரல்கள் செய்ததைக் கண்ணால் தொடர முடியவில்லை. எஞ்சிய ஒற்றை வீரனை வைத்து, ஒரு மருந்துகூட மிச்சமில்லாமல், ராணியை மண்டியிட வைத்தார். இரண்டு பெண்கள் சேர்ந்து போட்ட கூச்சலில் மேல்வீட்டுக்காரர் தரையைத் தட்டினார். கணவர் பேப்பரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். பாப்பா அண்ணியைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டாள்.

மூச்சு வாங்கிக்கொண்டே அண்ணி பாப்பாவைத் திரும்பக் குழுவில் சேர்த்தார். பிறகு எழுதினார்: “ராணி விழுந்தாள். கடினத்தில். வழி சொன்னது என் நாத்தனார். அவள் எளிதில் ஆடுகிறவள். இங்கே யாரும் எப்படியும் ஆடலாம். அவளை நான் சொன்ன சொல்லுக்கு எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன்.” ஒருவர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டு வெளியேறினார். “போகட்டும், நல்லா இருக்கட்டும்” என்றார் அண்ணி. முகமெல்லாம் பல்.

“இப்ப நான் கொஞ்ச நேரம் ஆடட்டா?” என்று பாப்பா கன்ட்ரோலரை வாங்கினாள். எளிது. முதல் சண்டையிலேயே வைத்தியச்சியை முன்வரிசையில் நிறுத்தினாள். பனிப்பூதத்தைப் பனி மந்திரத்தால் தாக்கினாள். குணமாக்கும் மருந்தை, உடம்பில் கீறல்கூட இல்லாத வில்லாளிக்கு ஆசையாகக் கொடுத்தாள். அண்ணியின் கழுத்து நீண்டது. வாய் திறந்தது. உடனே தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து முழுசாக வாய்க்குள் திணித்துக்கொண்டு, இன்னொன்றைக் கையில் தயாராக வைத்துக்கொண்டார்.