அழும் பெண் கேட்ட தேத்தண்ணி

நேசம் அக்கா போய்விட்டார் என்ற செய்தி எங்கள் மெல்பேர்ன் தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தபோது, அதற்கு மேலே சேலை மலிவு விற்பனை விளம்பரம் ஒன்றும், கீழே வெரிபீயில் வாடகைக்கு அறை இருக்கிறது என்ற அறிவிப்பும் இருந்தன. அவருடைய தங்கையின் மகன் சுதன் இரண்டே வரியில் எழுதியிருந்தான். கும்பிட்ட கைகள் வரிசையாக விழத் தொடங்கின. இடையில் ஒருவர், "ஆர் இது? தெரியேல்லையே" என்று கேட்டார். இன்னொருவர் உடனே பதில் போட்டார்: "அதுதான், வெள்ளைக்காரரின்ர டிவியிலை அழுற அன்ரி." "ஓ, அவவோ! பாவம்" என்று முதலாமவர் எழுதி, தன் பங்குக்கும் கைகளைக் கும்பிடவிட்டார். வேலை முடிந்து வரும் ரயிலில் நின்றுகொண்டு இதை வாசித்தேன். எனக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது.

இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். அழுகிற அன்ரி என்றுதான் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், அதை ஏன் மறைப்பான்?

நேசமலர் தாதிப் படிப்புக்காக யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் போனவர். ஒரு மருத்துவமனைத் தொடருக்கு நிசமான ஆசியத் தாதி வேண்டுமென்று ஆள் தேடி வந்தவர்கள், வார்டில் நின்ற இவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவர் வார்டுக்குத் திரும்பவில்லை. படப்பிடிப்பில் விளக்குப் போடுகிற ரொபேர்ட் என்ற ஆங்கிலேயரைக் கல்யாணம் செய்தார். வாழ்நாள் முழுக்கப் பிரித்தானியத் தொலைக்காட்சியில் சின்னச் சின்ன வேடங்களில் நடித்தார். கடைக்காரி, கூட்டித் துடைப்பவள், பக்கத்து வீட்டுக்காரி, நோயாளியின் தாய். பாத்திரத்துக்கு ஒரு பெயர் இருப்பதே அபூர்வம். ரொபேர்ட் இறந்த பிறகு மெல்பேர்னுக்கு வந்து சுதன் வீட்டுப் பின்னறையில் இருந்தார். "நான் பிரிட்டிஷ் நடிகை" என்று அவர் தன்னை அறிமுகம் செய்தால், எங்கள் ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "சேலையோட என்ன பிரிட்டிஷ்?" என்று என் காதுபடவே கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

தேநீருக்காக நடந்த அந்தத் தேத்தண்ணிக் கதையை அவர் என் குசினியில், அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துதான் சொன்னார். ஒரு பொலிஸ் தொடர். மகன் தெருவில் குத்துப்பட்டுக் கிடக்கிறான், தாய் ஓடிவந்து விழுகிறாள். அவருக்கு வசனம் எதுவும் எழுதப்படவில்லை. "தாய் தன் மொழியில் கதறுகிறாள்" என்று மட்டும் போட்டிருந்தார்கள்.

"என்ன சொல்லிக் கதற எண்டு டைரக்டரிட்டைப் போய்க் கேட்டன், பிள்ளை. ஏதாவது சொல்லு, ஆருக்கு விளங்கப்போகுது எண்டான். எனக்கு விளங்குமே எண்டு நினைச்சன். வாய் திறக்கேல்லை."

குளிர்காலம். குழாயால் மழை அடிக்கிறார்கள். நனைந்த சேலையோடு காலையிலிருந்து நிற்கிறார். தேத்தண்ணி வண்டி தள்ளி நிற்கிறது. பெரிய நடிகர்கள் குடித்து முடிந்த பிறகுதான் மற்றவர்களுக்கு. இவருடைய முறை வருவதற்குள் வண்டியை மூடிவிட்டார்கள். அந்த வயிற்றெரிச்சலோடு போய், மகனாகக் கிடந்த பொடியனின் மேல் விழுந்து, செத்தவீட்டு ஒப்பாரி ராகத்தில் அக்கா எடுத்தாராம்: "ஐயோ என்ர ராசா! விடியத் துவக்கம் நிக்கிறன், கால் நோகுதே! இவங்களுக்குக் கண் இல்லையே! ஒரு தேத்தண்ணி, ஒரேயொரு தேத்தண்ணி தரேல்லையே இந்த அறுவாங்கள்!"

டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டிப்பிடித்தாராம். தேத்தண்ணி அப்போதும் வரவில்லை. தொடர் ஒளிபரப்பானபோது கடைசியில் ஓடிய பெயர்களில் இவருக்கு நேரே, 'அழும் பெண்' என்று போட்டிருந்தார்கள். ஊரெல்லாம் உருகிப் பார்த்த அந்தக் காட்சியில் லண்டன் தமிழ் வீடுகள் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தன. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் முன்பின் தெரியாத ஒரு மனிசி பிளாஸ்க்கோடு வந்து, "டிவியிலை கேட்டனியெல்லே, இந்தா குடி" என்று ஊற்றிக் கொடுத்ததாம். "எனக்குக் கிடைச்ச ஒரே அவார்ட் அதுதான்" என்பார் அக்கா. அதற்குப் பிறகு எங்கே கதறச் சொன்னாலும் இதையே ஒரு பழக்கமாக்கிக்கொண்டார். பஸ் வராததை, டைரக்டரின் வழுக்கையை, சப்பாத்து காலைக் கடிப்பதை எல்லாம் கண்ணீரும் கம்பலையுமாக ஒப்பாரி வைத்தார். அவர் திரையில் வந்தால் தமிழ் வீடுகளில் ஓடிப்போய்ச் சத்தத்தைக் கூட்டுவார்களாம்.

நான் வயிறு நோகச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பகிடி எண்டு நினையாதை. இவ்வளவு வருஷத்திலை ஒரு மனிசரும் எனக்கெண்டு நாலு வரி எழுதேல்லை. அந்த எரிச்சலிலைதான் நானே சொன்னனான். சாகமுதல் ஒருக்காலாவது அழாத பொம்பிளையா நடிக்கவேணும். அதுவும் தமிழிலை, எங்கட சனத்துக்கு முன்னாலை."

இங்கு வந்த பிறகும் வாய்ப்புத் தேடுவதை அவர் விடவில்லை. ஒருமுறை சிட்டியில் நடிகர் தேர்வு ஒன்றுக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். கொடுத்த வசனத்தை அழகான லண்டன் ஆங்கிலத்தில் பேசினார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், இன்னும் கொஞ்சம் "உங்கள் ஊர் மாதிரி" பேச முடியுமா என்று கேட்டாள். "இதுதான் என் ஊர், லண்டன்" என்றார் அக்கா. அந்தப் பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது, ஆனாலும் விடவில்லை, தலையை ஆட்டிக் காட்டி விளக்கினாள். அக்கா அவள் கேட்டபடியே பேசிக் கொடுத்துவிட்டு வந்தார். திரும்பும் வழியில், "சரியாப் பேசுற இங்கிலீசுக்கு எனக்கு ஒருத்தரும் வேலை தந்ததில்லை, பிள்ளை. பிழையாப் பேசினாத்தான் சம்பளம்" என்றார். அந்த வேலையும் கிடைக்கவில்லை.

நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை செய்கிறவள். ஓய்வு கிடைத்தால் நாடகம் எழுதுவேன். அழாத பொம்பிளையாக நடிக்கவேண்டும் என்று அக்கா சொன்ன பிறகு சும்மா இருக்க முடியவில்லை. புருஷன் செத்த பிறகு கார் ஓட்டப் பழகுகிற ஒரு வயதான பெண்ணைப் பற்றி எழுதினேன். அவள் பிள்ளைகளோடு வாதாடுவாள், பழக்க வருகிறவனோடு சண்டை பிடிப்பாள், கடைசியில் தனியாக ஓட்டிக்கொண்டு போவாள். முதலிலிருந்து முடிவுவரை ஒரு இடத்திலும் அழமாட்டாள். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக் கராஜில் ஒத்திகை. பழைய கதிரைதான் கார், சோற்றுப்பானை மூடிதான் ஸ்டியரிங். "என்னை இடப்பக்கம் திருப்பாதை தம்பி, நான் போற இடம் எனக்குத் தெரியும்" என்ற வரியை அவர் சொல்லும்போது கழுத்து நிமிரும். அத்தனை வயதில் அப்படி ஒரு திமிர் ஒருவருக்கு வருவதை நான் வேறெங்கும் கண்டதில்லை. வீட்டிலும் சுதனைக் கண்டால் அதே வரியைச் சொல்லி வெருட்டுவாராம்.

நாடகத்தை மேடையேற்றவிருந்த சங்க ஆண்டு விழாவுக்கு முன் ஒரு சனிக்கிழமை எங்கள் சங்கத் தலைவர் ஒத்திகை பார்க்க வந்தார். மரியாதையாகத்தான் இருந்து பார்த்தார். முடிந்ததும் தொண்டையைச் செருமினார்.

"நல்லாயிருக்கு. ஆனா அன்ரி அழுற சீன் ஒண்டும் இல்லையே?"

"இல்லை அங்கிள். அதுதான் நாடகமே" என்றேன்.

"அதில்லை பிள்ளை. அன்ரி எண்டாச் சனம் அதைத்தானே எதிர்பாக்கும். புருஷன்ர படத்துக்கு முன்னாலை ஒரு அஞ்சு நிமிஷம் அழட்டும். பிறகு காரை ஓட்டட்டும், எனக்கென்ன? புருஷன் செத்தும் அழாத பொம்பிளையை மேடையிலை விட்டா நாளைக்கு என்னைத்தான் கேப்பினம்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் பானை மூடியை மடியில் வைத்துக்கொண்டு தலையை இல்லை என்று ஆட்டினார். நானும் முடியாது என்றேன். தலைவர் கோபிக்கவில்லை. நிகழ்ச்சிநிரலில் எங்கள் பெயரை வெட்டிவிட்டு, அந்த நேரத்துக்குச் சினிமாப் பாட்டுப் போட்டி வைத்தார். அதற்குக் கைதட்டிய கைகள்தான் இப்போது வாட்ஸ்அப்பில் கும்பிடுகின்றன.

தலைவர் போன பிறகு, மூடியைக் கொண்டுபோய்க் குசினியில் வைத்துவிட்டு அக்கா சொன்னார்: "விடு பிள்ளை. வெள்ளைக்காரனும் அழு எண்டான். எங்கட ஆக்களும் அழு எண்டினம். வெள்ளைக்காரனாவது சம்பளம் தந்தவன்." பிறகு வேறு இடத்தில் போடலாம், சிட்னிக்குக் கொண்டுபோகலாம் என்று நான் ஏதேதோ பேசினேன். அங்கே பிளாக்டவுனில் எனக்குத் தெரிந்த ஒரு குழுவோடு கதைத்தும் வைத்தேன். அதற்கிடையில் அவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது.

அது அவருடைய வலது கையையும், ஆங்கிலத்தையும் கொண்டுபோனது. முழு ஆங்கிலமும் போய்த் தமிழ் மட்டும் மிஞ்சியது. அப்படி நடப்பதுண்டு என்று டாக்டர் சொன்னார். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வாசலில் நின்ற தாதி, நல்ல பிள்ளை, கவலையோடு சொன்னாள்: காலையிலிருந்து அழுகிறார், எதற்கென்று தெரியவில்லை, அமைதிப்படுத்த மருந்து கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறோம். உள்ளே போனேன். குழறிய நாக்கு, இழுத்த ராகம், கண்ணோரம் நீர். கேட்பதற்கு ஒப்பாரி மாதிரித்தான் இருந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"விடியத் துவக்கம் கேக்கிறன், பிள்ளை. ஒரு தேத்தண்ணி தரேல்லை."

அந்த இடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது. வெளியே ஓடிப்போய், அவர் அழவில்லை, தேத்தண்ணி கேட்கிறார் என்று தாதியிடம் சொன்னேன். அந்தப் பிள்ளைக்கும் கண் கலங்கிவிட்டது. விழுங்கக் கஷ்டம் என்பதால் மாப்பொடி போட்டுத் தடிப்பாக்கிய தேத்தண்ணிதான் கொடுக்கலாம் என்று கலக்கிக் கொண்டுவந்தாள். ஒரு கரண்டி வாயில் வைத்தேன். அக்கா முகத்தைச் சுழித்தார். "இதென்ன, கூழோ?" என்றார். அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அந்த வாரமே போய்விட்டார்.

ஸ்பிரிங்வேல் மண்டபத்தில் சங்கம் அஞ்சலிக் கூட்டம் வைத்தது. மேடையில் பெரிய படம், மாலை, குத்துவிளக்கு. "உலகத் தொலைக்காட்சியில் தமிழன்னையின் துயரைக் காட்டிய மாபெரும் கலைஞர்" என்றார் தலைவர். பிறகு விளக்கை அணைத்து அந்தப் பொலிஸ் தொடர்க் காட்சியைப் போட்டார்கள். மழை, நனைந்த சேலை, மகனின் மேல் விழுந்து கதறும் இளம் நேசம் அக்கா. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. சத்தத்தை எடுத்துவிட்டு மேலே ஒரு சோக வயலினைப் போட்டிருந்தார்கள்.

நான் எழும்பி, "சத்தத்தைப் போடுங்கோ" என்றேன். தலைவர் இருட்டில் தேடி என்னிடம் வந்தார்.

"பிள்ளை, அதிலை அவ தேத்தண்ணியெல்லே கேக்கிறா. சனம் சிரிக்கும். செத்தவீடு கண்டியோ."

"சிரிக்கட்டும் அங்கிள். அவ சொன்னது சனத்துக்குக் கேக்கட்டும்."

"இரும் பிள்ளை, இரும்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். வயலின் முடிந்தது. பக்கத்திலிருந்தவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். ஒரு நடிகை வாயால் சொன்ன சொல்லை வெட்டி எறிந்துவிட்டு, அவர் கண்ணீரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். சொந்த மொழி பேசுகிறவர்களே இதைச் செய்தார்கள். அந்த டைரக்டருக்காவது தமிழ் தெரியாது.

கூட்டம் முடிந்ததும் பின்பக்கம் பெரிய பாத்திரத்தில் தேத்தண்ணி வைத்திருந்தார்கள். வந்த எல்லாருக்கும் தாராளமாக ஊற்றினார்கள். எனக்கும் ஒருவர் நீட்டினார், பால் விட்டு, நல்ல சூடாக. வாங்கவில்லை. காருக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, சோற்றுப்பானை மூடி பிடித்த அந்தக் கைகளை நினைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கனநேரம் இருந்தேன்.

படம், மாலை, பட்டம் எல்லாவற்றையும் சங்கம் வைத்துக்கொள்ளட்டும். நாடகம் என்னிடம் இருக்கிறது, ஆனால் அக்காவின் அந்த நிமிர்ந்த கழுத்து இல்லாமல் அது வெறும் காகிதம். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒரு பழக்கம் மட்டும்தான். திரையில் எங்கேயாவது ஒரு ஓரத்தில், பெயரில்லாத ஒருத்தி தன் மொழியில் கதறினால், நான் எழும்பிப்போய்ச் சத்தத்தைக் கூட்டுகிறேன். அவள் அழுகிறாளா, தேத்தண்ணி கேட்கிறாளா என்று தெரியவேண்டும்.