மாப்பிள்ளைக்கு முற்பணம்

படிப்புக்குக் கடன் தருகிற மனிதருக்கு கட்டிக்கொடுக்க ஒரு குமர்ப்பிள்ளை இருந்தால், அது கடனே அல்ல, என்னை மாப்பிள்ளையாகப் பிடித்து வைக்கும் முற்பணம் என்று இருபது வயதில் உறுதியாக நம்பினேன். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு அங்கே போய்ச் சேருவான். கம்பஸில் இடம் கிடைத்த பையனை முதல் வருடத்திலேயே பேசி முடித்து, செலவைப் பெண் வீட்டார் ஏற்றுக்கொண்ட கதைகள் கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் இடையில் நாலைந்து இருந்தன. அடுத்தது நான்தான் என்று கண்ணாடியைப் பார்த்து முடிவு செய்தேன்.

எழுபத்தொன்பதில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. படிப்பு இலவசம், சோறு இலவசமில்லை. அரசாங்க உதவிப்பணம் தன் இஷ்டத்துக்கு வரும். வாப்பாவின் காசெல்லாம் என் மூத்தவளான ராத்தாவுக்குக் கட்டிய வீட்டின் சுவருக்குள் போயிருந்தது, கூரைக்கே வழியில்லை. ஆகவே வாப்பா என்னைக் கூட்டிக்கொண்டு நெல்லு மில் வைத்திருந்த ஹாஜியாரிடம் போனார்.

"மாசம் நூத்தம்பது தாறன். வட்டி கிட்டி ஒண்டுமில்ல. தொழில் கிடைச்சாப் பொறகு தவணையாத் தரட்டும்" என்றார் ஹாஜியார். கடதாசித் துண்டொன்றில் எழுதி என் கையெழுத்தையும் வாங்கினார்.

அவருக்கு ஒரே மகள். வட்டி வேண்டாம் என்றதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

முகம் தெரியாத பெண்ணுக்கு விலைபோக எனக்கு விருப்பமில்லை. கடன் சிறிதாக இருந்தால் கட்டித் தப்பலாம், பெரிதானால் தொலைந்தேன். இதுதான் என் திட்டம். இரண்டாவது மாதமே "எழுபத்தைந்து போதும்" என்று கடிதம் போட்டேன். மகனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று வாப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். இங்கே மகன் பாண் ரொட்டியும் சம்பலும் தின்று, பாடப்புத்தகங்களை வாங்காமல் கையால் பிரதி எடுத்துக்கொண்டிருந்தான்.

என் அறைத்தோழன் தம்பிலுவில்காரன், என் மாப்பிள்ளைக் கதை முழுதும் தெரிந்தவன். ஒருநாள் அவன் வாங்கி வந்த அவித்த முட்டையைக்கூட வேண்டாம் என்றேன். அவனுக்குக் காசு கொடுக்க வேண்டி வரும் என்று பயம்.

"மச்சான், அந்தப் பிள்ளைய நீ கண்டிருக்கியா?"

"இல்ல."

"அவள் உன்னக் கண்டிருக்காளா?"

"இல்லடா."

"அப்ப முட்டை என்னடா குற்றம் செஞ்சது?"

மூன்றாம் வருடம், பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்க, விரிவுரையின் நடுவில் மயங்கி விழுந்தேன். வைத்தியர் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். ஒழுங்காகச் சாப்பிடு, முடியாவிட்டால் பரீட்சையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போ என்றார். சாப்பிடுவதென்றால் முழுக் கடனையும் வாங்க வேண்டும். வாங்கினால் மாப்பிள்ளை. வாங்காவிட்டால் பட்டம் போச்சு. மறுநாளே கல்முனைக்கு பஸ் ஏறினேன், உண்மையை ஹாஜியாரின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவதென்று.

மில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் மரியாதையாகப் பேச வழியில்லை, கத்தத்தான் வேண்டியிருந்தது.

"ஹாஜியார், நான் உங்கட மகளக் கலியாணம் முடிக்க ஏலா!"

மூட்டை தூக்கியவர்கள் மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினார்கள். ஹாஜியார் என்னை வெளியே இழுத்து வந்தார்.

"ஆருடா ஒன்ன முடிக்கச் சொன்ன?"

"காசு தந்த நீங்கதானே... வட்டியும் கேக்கல்ல..."

"மகன், வட்டி ஹறாம், அதான் கேக்கல்ல! அவளுக்கு சம்மாந்துறையில மாப்புள பேசி ஒரு வருசமாகுது. பொடியன் நல்ல ஆள்க்கட்டு. நீ என்னடா, காத்தடிச்சா விழுந்துருவாய் போல இரிக்கி."

உண்மையைச் சொல்கிறேன், நிம்மதிக்கு முன்னால் கொஞ்சம் அவமானம்தான் வந்தது. சம்மாந்துறைக்காரனுக்கு என்னைவிட என்ன பெரிய தகுதி என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன்.

அரைப்பட்டையிலிருந்து முந்நூறு ரூபாயை எடுத்து நீட்டினார். "திண்டுட்டுப் படி. நீ மவுத்தாப் போனா ஆருட்டடா நான் என்ட காச வாங்குற? துண்டில ஒப்பம் வெச்சிட்டுப் போ."

ஒப்பம் வைத்தேன். கடைசி மாதங்களில் நூற்றைம்பதையும் வாங்கினேன், சாப்பிட்டேன், பரீட்சையில் சித்தியடைந்தேன். அடுத்த வருடம் ஆசிரியர் நியமனம் கிடைத்தது. சம்பளத்தில் முதலில் கடனுக்கு எடுத்து வைத்து, பதினெட்டு மாதத்தில் கட்டி முடித்தேன். கடைசித் தவணையை ஹாஜியார் இரண்டு முறை எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.