மாப்பிள்ளை விசாரித்த மாதிரி ஒரு பிரிண்டர்

தொண்ணூறுகள் முடியும் சமயம், கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலையை விட்டுவிட்டு, ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே ஜாப் டைப்பிங் ஆரம்பிப்பதென்று முடிவு செய்தேன். மேனேஜரிடம் நறுக்கென்று நாலு வார்த்தை பேசிவிட்டு வந்தவள் என்பதால் திரும்பிப் போக வழியில்லை. பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்துவிட்டது. பிரிண்டர் மட்டும் புதிதாக வாங்க வேண்டும். வாங்கினால் ஒன்றுதான் வாங்க முடியும். அது சொதப்பினால் கடையை மூடிவிட்டு இன்னொரு மேனேஜரைத் தேட வேண்டியதுதான்.

அலசி அலசி இரண்டில் வந்து நின்றேன். ஒன்று வழவழவென்று வெள்ளை. மற்றது பழைய டிரங்குப் பெட்டி மாதிரி பழுப்பு. கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்று வெள்ளைக்கு நாலரை நட்சத்திரம் கொடுத்திருந்தது. சந்தோஷமாகப் பத்திரிகையை மூடினால், பின்னட்டை முழுக்க அதே வெள்ளையின் விளம்பரம். எரிச்சலாக வந்தது. பிரவுசிங் சென்டரில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். அமெரிக்காவில் எவனோ வெள்ளையைப் போல உண்டா என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழேயே இன்னொருவன் அதைத் தூக்கி எறிந்துவிட்டதாக எழுதியிருந்தான். இரண்டு பேரும் யாரென்றே தெரியாது, யாரை நம்புவது? எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைக்காரரோ எதைத் தொட்டாலும் கன்னடத்தில் "சூப்பராகிதெ மேடம்" என்றார். கீபோர்டு துடைக்கும் துணியைத் தொட்டபோதும் அதையே சொன்னார்.

என் புலம்பலைக் கேட்டவள் என் நாத்தனார். என் வயதுதான். எங்கள் சொந்தத்தில் யாருக்கு வரன் வந்தாலும் தங்கவயல் வரை போய் விசாரித்துவிட்டு வருவது அவள் பொறுப்பு.

"பையன் எப்படின்னு பையன் வீட்லயே போய் யாராவது கேப்பாங்களா அண்ணி? எதிர்வீட்ல கேக்கணும், இஸ்திரி போடறவர்கிட்ட கேக்கணும். நீலசந்திராவுல ரெண்டு மிஷினும் ஓடுது, நான் பாத்திருக்கேன். கெளம்புங்க."

"பிரிண்டருக்கு ஏதுடி எதிர்வீடு?"

"இருக்கும், வாங்க."

அங்கே ஒரே தெருவில் இரண்டு ஜாப் டைப்பிங் கடைகள். ஒன்றில் வெள்ளை, மற்றதில் பழுப்பு. கடைக்காரர்கள் பக்கமே அவள் திரும்பவில்லை. இரண்டு கடைகளையும் பெருக்கிவிட்டு வெளியே வந்த அக்கா ஒருவரிடம் போய் ஒட்டிக்கொண்டாள். எங்களைப் போல அவருக்கும் சொந்த ஊர் வடாற்காட்டுப் பக்கம் என்று தெரிந்ததும், பத்தே நிமிடத்தில் இருவரும் உறவுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் பேச்சைப் பிரிண்டருக்குத் திருப்பினாள்.

"அந்த வெள்ளை மிஷின்தாம்மா சூப்பர்," என்றார் அந்த அக்கா, யோசிக்கவே இல்லாமல்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. பத்திரிகைக்காரனை வீணாகத் திட்டிவிட்டோமே என்றுகூட நினைத்தேன். நாத்தனார் மட்டும் நகரவில்லை. பையன் தங்கமான பையன் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேட்காமல் அவளுக்குத் தூக்கம் வராது.

"எதுலக்கா சூப்பர்?"

"டெய்லி ரெண்டு கூடை பேப்பர் வருதேம்மா! சிக்கி, கசங்கி, மை ஈஷிக்கிட்டு. எல்லாம் நான்தான் எடுத்துட்டுப் போயி பழைய பேப்பர் கடையில போடறேன். இந்தப் பக்கத்து மிஷின் வேஸ்ட்டு. கூட்டுனா வெறும் தூசிதான் வருது."

தெருமுனை திரும்பும்வரை எப்படியோ சிரிப்பை அடக்கிக்கொண்டோம். மறுநாளே போய்ப் பழுப்பை வாங்கினேன்.

அது கடகடவென்று கத்தும், மெதுவாகத்தான் அடிக்கும். ஆனால் இன்ஜினியரிங் மாணவர்கள் புராஜெக்ட் ரிப்போர்ட் கொடுக்கும் வாரத்தில், ஒரு காகிதம்கூடச் சிக்காமல் கட்டுக்கட்டாக அடித்துத் தள்ளியது. வாசல் வரை கியூ நின்றது. தலைகால் புரியாத சந்தோஷம் எனக்கு.

அந்தக் கூட்டத்தில்தான் அடுத்த தெருப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். தானும் ஜாப் டைப்பிங் தொடங்கப் போகிறாளாம். எந்தப் பிரிண்டர் வாங்குவதென்று ஒரே குழப்பமாம்.

"நீங்க யூஸ் பண்றீங்களேக்கா, இது எப்படி? நெஜமா சொல்லுங்க."

ஊரில் ஒருவரும் உண்மை சொல்வதில்லை என்று அத்தனை நாள் திட்டித் தீர்த்தவள் நான். இப்போது உண்மையைச் சொன்னால், வாசலில் நிற்கும் கியூவில் பாதி அடுத்த தெருவுக்குப் போய்விடும். வெள்ளையை வாங்கச் சொல்லும் அளவுக்கு மனசு கெட்டுப்போகவில்லை. பழுப்பைப் புகழும் அளவுக்குப் பெரிய மனசும் வரவில்லை.

"ஏதோ... பரவாயில்ல," என்று இழுத்தேன். "சத்தம் ஜாஸ்தி. ஸ்லோ வேற."

சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. இருந்தாலும் வெட்கமாக இருந்தது. அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

இரண்டு வாரம் கழித்து அடுத்த தெரு வழியாகப் போகும்போது, பழக்கப்பட்ட கடகட சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அதே பழுப்பு மிஷின், பக்கத்தில் அவள்.

"சத்தம், ஸ்லோன்னு அவ்வளவு சொன்னேனே, இதையேவா வாங்கினே?"

"மட்டமா இருந்திருந்தா, சூப்பர்னு சொல்லி என்னை மாட்டிவிட்டிருப்பீங்க. நீங்க பரவாயில்லன்னு இழுத்தப்பவே தெரிஞ்சுபோச்சுக்கா," என்று சிரித்தாள்.

எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்து, எந்தக் காகிதம் போட்டால் அது சிக்காது என்பதை ஒன்றுவிடாமல் சொல்லிக் கொடுத்தேன்.