அந்தப் பொறியியலாளர் நான்தான், அத்தான்

கவிழ்த்து நிறுத்திய சைக்கிள். டைனமோ ரயரில் உரசும் 'கிர்ர்ர்' சத்தம்... அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து செய்தி வாசிப்பவரின் குரல் மெல்லத் தலைகாட்டும். பெடலைச் சுற்றுகிற கை களைத்தால் அவரும் களைத்துப்போவார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மருதனார்மடத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். கரண்ட் இல்லை. போர்க்காலம் என்பதால் பற்றறி கொண்டுவரத் தடை. ஆனாலும் பின்னேரச் செய்தி கேட்காமல் எந்த வீடும் இருக்கவில்லை.

நல்லூரில் ஒரு சின்ன வாரப் பத்திரிகை, கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்துகொண்டிருந்தது. டைனமோவில் றேடியோ கேட்பது எப்படி என்று அதில் ஒரு கட்டுரை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எனக்கு விளங்கவில்லை. கோயிலுக்குப் போன வழியில் பத்திரிகைக் கந்தோருக்குள் ஏறி ஆசிரியரிடம் அதைச் சொன்னேன்.

"அப்ப நீங்களே எழுதித் தாங்கோவன் அக்கா" என்றார்.

அவர் பகிடிக்குச் சொன்னார். நான் பகிடியாக எடுக்கவில்லை.

குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த அன்ரன், எங்கள் சந்தையடியில் றேடியோ திருத்திக்கொண்டிருந்தான். அவன் கடை வாங்குப் பலகையில் போய் இருப்பேன். ஏதாவது சாமானின் பெயரைச் சொன்னால் மறித்துவிடுவேன். "பேர் வேண்டாம் தம்பி. அது பாக்க எப்பிடி இருக்கும், எதை எதோடை பிடிக்கிறது... அதைச் சொல்லும்."

கேட்டதையே திரும்பக் கேட்பேன். ஒருநாள் கம்பி பிடிக்கிற குறட்டைக் கீழே போட்டுவிட்டான். "மாதாவே! அக்கா, இந்தச் செத்த றேடியோவுக்கே விளங்கிப் பாடத் தொடங்கிட்டுது. உங்களுக்கு இன்னும் விளங்கேல்லையோ?"

"விளங்கேல்லை. திரும்பச் சொல்லும்."

வீட்டில் என் கையால் செய்து, றேடியோ கதைத்த பிறகுதான் எழுதினேன். மிளகளவில் ஒரு கறுப்புச் சாமான், அதன் வெள்ளைக் கோடு றேடியோவைப் பார்க்க வேண்டும். பெடலை ஆட்டுக்கல் சுற்றுகிற வேகத்தில் ஒரே சீராகச் சுற்ற வேண்டும்... இப்படித்தான் என் எழுத்து.

பத்திரிகை வந்தது. ஒரு சொல்லும் மாறவில்லை. கீழே பெயர் மட்டும் 'ஒரு பொறியியலாளர்'.

சைக்கிளை எடுத்துக்கொண்டு நல்லூருக்குப் போனேன்.

"பொம்பிளையின்ரை பேரைப் போட்டால் ஆர் அக்கா நம்பிச் செய்து பாப்பினம்?"

"ஐஞ்சாம் வகுப்பு எண்டும் சேத்துப் போடுங்கோ. அவளுக்கே விளங்கினது எங்களுக்கு விளங்காதோ எண்டு செய்வினம்."

"நல்லாத்தான் கதைக்கிறியள்" என்று சிரித்தார். அடுத்த வாரம் ஜாம் போத்தல் விளக்கைப் பற்றி எழுதினேன். அதையும் பொறியியலாளர்தான் எழுதியிருந்தார். எழுதுவதை விட மனம் வரவில்லை. அந்த ஆசிரியரை இன்றுவரை மன்னிக்கவும் இல்லை.

அக்காவின் கணவர், என் அத்தான், கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். வாராவாரம் விறாந்தைக் கதிரையில் இருந்து பத்திரிகையைச் சத்தமாக வாசிப்பார். நாங்கள் சுற்றி இருந்து கேட்க வேண்டும்.

"பாத்தியே, எவ்வளவு படிச்ச மனுசன்! ஆனால் ஆட்டுக்கல்லு மாதிரிச் சுத்து எண்டு எழுதியிருக்கிறார். நீயும் உதைக் கேட்டு நாலு விசயம் அறி."

"அதை எழுதினது நான், அத்தான்."

"ஓம் ஓம். நல்லூர்த் தேரையும் நீதான் கட்டினனீ."

வீடே சிரித்தது. அத்தான் சிரித்ததை விடுங்கள். அக்காவும் சிரித்தாள்.

நான் உள்ளே போய் அடுத்த கட்டுரையை எழுதினேன்.

அடுத்த வாரமும் அத்தான் அதே கதிரையில், அதே குரலில் தொடங்கினார். "பெடல் சுற்றுபவர் தன் இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொள்ள வேண்டும். கச்சேரியில் ஓய்வுபெற்ற ஒருவர் இதைச் செய்யாமல், செய்தி தொடங்கிவிட்டதென்று கெதியாகச் சுற்றினார். சாரம் சங்கிலியில் மாட்டி..."

குரல் இறங்கியது. கண் மட்டும் கீழே ஓடியது.

மிச்சம் எங்களுக்கு வாசிக்கத் தேவையில்லை. போன மாதம் எங்கள் முற்றத்தில் நடந்ததுதான். சாரம் சங்கிலியோடு போனது. அத்தான் பழைய உள்காற்சட்டையோடு நின்று கத்த, அக்கா அவரைப் பார்க்காமல் றேடியோவிடம் ஓடினாள். "ஐயோ, செய்தி நிண்டுபோச்சு!"

வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாத கதை அது. இனியாவது நம்புவார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தான் பத்திரிகையை மடித்தார். என்னை முறைத்தார்.

"நீயே போய் அந்த என்ஜினியருக்குச் சொன்னனீ?"

...

அன்ரன் பிறகு எங்கே போனான் என்று தெரியாது. பத்திரிகையும் நின்றுபோனது. அத்தானும் அக்காவும் ரொறன்ரோவில் இருக்கிறார்கள்.

இப்போதும் எனக்கு இந்தச் சாமான்களின் பெயர் தெரியாது. தெரிந்தவர்களிடம் கேட்டு, செய்து பார்த்துத்தான் எழுதுகிறேன். போன கிழமை, கைபேசி சூடேறினால் என்ன செய்யலாம் என்று இங்கே முகநூலில் நாலு வரி போட்டேன். கீழே அத்தான் எழுதியிருந்தார்: "நல்ல பதிவு. ஆர் எழுதித் தந்தது?"

அதற்கு அக்கா ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தாள். விறாந்தையில் சிரித்த அதே சிரிப்பு.

அப்போது முழுக் கட்டுரை எழுதிக் கொடுத்தாலும் பெயர் வராது. இப்போது ஒரு சொல் எழுதுமுன்பே முகநூல் என் பெயரை மேலே போட்டுவிட்டுக் காத்திருக்கிறது. கைதான் முன்போல ஓடுவதில்லை.

அன்று மரியாதைக்காக 'ஓய்வுபெற்ற ஒருவர்' என்று எழுதினேன். இன்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்... சாரம் என் அத்தானுடையது.

கீழே கேட்க வேண்டாம், அத்தான். இதையும் நான்தான் எழுதினேன்.