நாற்பதிலேயே நின்ற முள்

அவருக்கு ஊரார் வைத்த பெயர் நாற்பது. வேகமாகப் போகும் வண்டிகளைப் பிடிக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதற்காகச் சொந்த மச்சினனையே ஓரங்கட்டி அபராதம் போட்ட ஆசாமி. அன்றிலிருந்து அந்த மச்சினன் இவர் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. அதிலும் இவருக்கு ஒரு பெருமை, கேட்டுக்கொள்ளுங்கள்!

அப்பேர்ப்பட்டவருடைய பழங்காலக் காரில் ஸ்பீடோமீட்டர் முள் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே வெடவெடவென்று ஆட ஆரம்பித்தது. ஐம்பதைத் தொட்ட அந்த நொடியில் தான் குற்றவாளியா இல்லையா என்று தெரியாமல் மனுஷனுக்குத் தூக்கம் போயிற்று. வண்டியை ஷெட்டில் போட்டுப் பூட்டிவிட்டார்.

வெளியூரில் மாமியார் வீட்டிலிருந்த மகளோ அந்த ஞாயிற்றுக்கிழமை கைக்குழந்தையோடு விமானமேறி வெளிநாட்டிலிருக்கும் கணவனிடம் போகிறாள். திரும்பி வர எத்தனை வருஷமாகுமோ! பிறந்த அன்று பார்த்த பேரனை ஒருதரமாவது மடியில் போட்டுக் கொஞ்சிவிட வேண்டும் என்று மனைவி தவியாய்த் தவித்தாள்.

"பஸ்ல போயிடலாங்க."

"வீட்ல கார வச்சுக்கிட்டு பஸ்ஸா? முள்ளு நிக்கட்டும், ஜம்முனு போலாம்."

முதலில் மீட்டர் கண்ணாடியைக் கழற்றி முள்ளை முறைத்தார். அது அசரவில்லை. பிறகு கியர் பெட்டியிலிருந்து மீட்டருக்கு வரும் கேபிளின் வளைவுகளை நிமிர்த்தினார். சனிக்கிழமை உள்கம்பியை உருவிப் பார்த்தால், சொட்டு மசகு இல்லாமல் காய்ந்து கிடந்தது. "மாட்டிக்கிட்டியா மவனே!" என்று அதையே மிரட்டினார். லேசாகத் தடவினால் போதும். ஆனால் எதையும் அரைகுறையாகச் செய்து அவருக்குப் பழக்கமில்லையே! ஒரு டப்பா கிரீசை முழுசாக உள்ளே திணித்தார். முள் ஆட்டத்தை நிறுத்தியது.

ஞாயிறு காலை கிளம்பினார்கள். முள் நாற்பதில் ஆணி அடித்த மாதிரி நின்றது. ஒரு சைக்கிள்காரர் முந்திப் போனார். "வேகப் பைத்தியம்!" என்று இவர் திட்டினார். அடுத்து, செருப்புக் காலோடு மெதுவாக ஓடிய ஒரு பெரியவரும் முந்தினார்.

"என்னங்க, ஊர்ந்துக்கிட்டு இருக்கோம்."

"முள்ளப் பாரு. நாப்பது."

"முள்ளு சொல்லுது சரி. வெளிய ஒரு மரமும் நகரலியே!"

அதற்குள் மகளிடமிருந்து போன். நேரமாகிவிட்டதாம், கிளம்பிவிட்டார்களாம், நேரே விமான நிலையத்துக்கு வரச் சொன்னாள். நாற்பது பதறிப்போய் வண்டியை நிறுத்தினார். நின்ற வண்டியிலும் முள் நாற்பதே காட்டியது. கேபிள் வழியாக மேலேறிய கிரீஸ் மீட்டருக்குள் புகுந்து முள்ளைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. மீதி அவர் முழங்காலில் சொட்டியது.

"வாரம் பூரா முள்ளக் கொஞ்சினீங்க," என்றாள் மனைவி. "எம் பேரன நான் எப்பங்க கொஞ்சறது?"

அதற்கப்புறம் ஓட்டினார் பாருங்கள், அப்படி ஓட்டியவன் ஒருத்தனையும் அவர் உத்தியோகக் காலத்தில் சும்மா விட்டதில்லை! விமான நிலையத்தில் கார் நிற்பதற்குள் மனைவி குதித்து ஓடினாள். இவரும் ஓடியிருப்பார். ஆனால் பின்சக்கரம் பார்க்கிங் வெள்ளைக்கோட்டின் மேல் நின்றது. பின்னால் எடுத்தார். இப்போது முன்சக்கரம் கோணல். மறுபடி எடுத்தார்.

வேர்க்க விறுவிறுக்க அவர் போய்ச் சேர்ந்தபோது மனைவி தனியாக நின்றிருந்தாள். தோளில் குழந்தையின் எச்சில் ஈரம் இன்னும் காயவில்லை.

"அப்பா எங்கம்மான்னு பொண்ணு கேட்டா. வண்டிய நேரா நிறுத்திக்கிட்டு இருக்காருன்னேன்."

நாற்பது கண்ணாடிக் கதவில் முகத்தை ஒட்டிக்கொண்டு உள்ளே தேடினார். எல்லா முதுகும் மகளின் முதுகாகவே தெரிந்தது. மனுஷன் விம்மி விம்மி அழுதார்.