பந்து விழுந்தாச்சா?

இரண்டு மாதம் முன்பு சுகந்தியிடமிருந்து போன். யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே ஆக்லாந்தில், மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. எப்போதும் நிதானமாகப் பேசுகிறவர், அன்று குரலே சரியில்லை.

"அண்ணை, எங்கட ஹோமில ஒரு இங்கிலிஷ்காரர் இருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டைத் தொடுறாரில்லை. கிழமைக்குக் கிழமை மெலிஞ்சுகொண்டு போறார். வீட்டை போகோணும், டவுன்ஸுக்குப் போகோணும் எண்டு ஒரே கதை. நீங்கள் பாட்டனி டவுன்ஸிலதானே இருக்கிறியள்... அவற்ற வீடு எங்க எண்டு விசாரிச்சுச் சொல்லுவியளோ?"

ஆர்தர் என்று வைத்துக்கொள்வோம். வயது எண்பத்தாறு. ஞாபகம் பெரும்பாலும் போய்விட்டது. அந்த இல்லத்தில் அவர் அடையாளம் கண்டு சிரிப்பது சுகந்தியைப் பார்த்து மட்டும்தான். இன்னும் எடை குறைந்தால் ஊரின் மறுகோடியில், ஆஸ்பத்திரி வசதியுள்ள இல்லத்துக்கு மாற்றிவிடுவோம் என்று நர்ஸ் சொல்லிவிட்டாராம். அங்கே சுகந்தி கிடையாது.

"வேற என்ன சொல்றார்?"

"டீல், டீல் எண்டும் அடிக்கடி சொல்லுறார்."

டீல்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாட்டனி டவுன்ஸில் வீடு... ஒரு டீல்... கிழவரை ஹோமில் தள்ளிவிட்டுப் பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டார்கள். வேறென்ன இருக்க முடியும்? இரண்டு நாள் எங்கள் தெருவில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் விசாரித்தேன். போதாததற்கு, இந்தக் காலத்துப் பிள்ளைகளைத் திட்டி இந்தப் பத்திக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியும் வைத்தேன். நல்ல சூடான பக்கங்கள்.

மூன்றாம் நாள் சுகந்தி ஒரு படம் அனுப்பினார். ஆர்தரின் அலமாரியில் கிடைத்த பழைய போஸ்ட்கார்ட். கடல், கூழாங்கல் கரை, படகுகள். கீழே அச்சில் — டீல், கென்ட்.

ஊர்ப் பெயர், சார். இங்கிலாந்தில் ஒரு கடற்கரை ஊர். ஒன்றரைப் பக்கத்தையும் டெலீட் செய்தேன்.

பிராயச்சித்தமாக டீலின் வரலாற்றைப் படித்தேன். விசித்திரமான ஊர் — துறைமுகமே கட்டாத துறைமுகம். கரைக்கும் கடலுக்குள் ஒரு பெரிய மணல்திட்டுக்கும் நடுவே கொஞ்சம் அலை அடங்கிய தண்ணீர். அதற்குப் பெயர்தான் டவுன்ஸ். பாய்மரக் கப்பல்கள் காற்றுக்காக அங்கே வாரக்கணக்கில் நங்கூரம் போட்டுக் கிடக்கும். டீல் படகுக்காரர்கள் கூழாங்கல் கரையிலிருந்தே படகைத் தள்ளி, அலையில் ஏறி, தண்ணீரும் காய்கறியும் கடிதமும் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கூடவே கொஞ்சம் கடத்தலும். கோபத்தில் ஒருமுறை அரசாங்கமே அவர்கள் படகுகளைக் கொளுத்தியிருக்கிறது. வேறு படகு தேடிக்கொண்டு மறுபடி கடலுக்குத்தான் போனார்கள். வேறெங்கே போவார்கள், பாவம்?

சுகந்திக்குப் போன் பண்ணி ஆர்வமாகச் சொல்லிக்கொண்டே போனேன். கரையில் ஒரு கோபுரம், அதன் உச்சியில் ஒரு கறுப்புப் பந்து, சரியாக மதியம் ஒரு மணிக்கு அது கீழே விழும், அதைப் பார்த்துக் கப்பல்காரர்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள்...

சுகந்தி இடைமறித்தார்.

"பந்தோ?" என்றார் சுகந்தி. "ஐயோ அண்ணை. சாப்பாட்டைக் கொண்டுபோய் வைச்சா, பந்து விழுந்திட்டுதோ எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிறவர். பயத்தில கேக்கிறார் எண்டு நினைச்சு, இல்லை, ஒண்டும் விழேல்லை எண்டு நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறம்."

இல்லத்தில் மதியச் சாப்பாடு பன்னிரண்டு மணிக்கு.

ஆனாலும் ஒன்று உதைத்தது. ரேடியோவில் நேரம் சொல்ல ஆரம்பித்ததும் பந்துக்கு வேலை போய்விட்டது. அது ஆர்தர் பிறப்பதற்கு முன்பே. அப்புறம் எந்தப் பந்து? கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கும் அவர் மகளிடம் சுகந்தி கேட்டார் — நான் திட்டி எழுதிய அதே மகள்தான், ஞாயிறு தவறாமல் அப்பாவுக்குப் போன் செய்கிறவர். ஆர்தரின் அப்பா படகுக்காரராம். கோபுரத்தில் பந்து நின்றபிறகும் அவர் நிறுத்தவில்லை. ஒரு மணிக்கு மேஜையில் வந்து உட்கார்ந்து "பந்து விழுந்தாச்சு" என்பாராம். அதுவரை வீட்டில் யாரும் தட்டில் கை வைக்கக் கூடாது.

மறுநாள் சுகந்தி பன்னிரண்டு மணித் தட்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். ஒரு மணிக்குச் சூடு பண்ணிக் கொண்டுபோய், பக்கத்தில் உட்கார்ந்து, பந்து விழுந்துவிட்டது என்றார்.

ஆர்தர் கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லையாம். தலையை ஆட்டிவிட்டு ஃபோர்க்கை எடுத்தாராம். மீன், மசித்த உருளைக்கிழங்கு, பட்டாணி... எதுவும் மிச்சமில்லை.

"முழுக்கச் சாப்பிட்டவர், அண்ணை" என்று சொல்லும்போதே சுகந்தி அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது. அதிலென்ன வெட்கம்? இப்போது எடை குறைவது நின்றிருக்கிறது. இடம் மாற்றும் பேச்சும் இல்லை.

எனக்குத்தான் புதுக் கவலை. எங்கள் விருதுநகரில் ஒரு மணிக்கு முனிசிபாலிட்டி சங்கு ஊதும். "சங்கு ஊதியாச்சு, வாங்க" என்று அப்பா குரல் கொடுத்தால்தான் எங்களுக்குச் சோறு. சனி ஞாயிறுகளில் நான் இன்றும் மனைவியிடம் "சங்கு ஊதியாச்சா?" என்றுதான் கேட்கிறேன். நாளைக்கு ஞாபகம் போய், இதே ஆக்லாந்தில் ஏதோ ஒரு ஹோமில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்பேனே... யாருக்குப் புரியும்? தமிழ் தெரிந்த நர்ஸ் கிடைத்தால் இன்னும் ஆபத்து. "சேச்சே, அப்படியெல்லாம் பேசாதீங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அதனால் மகளை உட்கார வைத்து விளக்கினேன். இங்கேயே பிறந்தவள். பொறுமையாகக் கேட்டு, போனில் டைப் செய்துகொண்டு, ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: அப்போது நான் என்ன பதில் சொல்ல வேண்டும்?

"ஊதியாச்சுன்னு சொல்லும்மா. அப்பாவுக்குப் பசிக்கும்."