கேசட்டின் மிச்சம்

எண்பதுகளில் என் வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். கடிதம் எழுதச் சோம்பல். கேசட்டில் பேசி, எங்கள் ஊர் அரூருக்கு லீவில் வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவார். அதன்மேலேயே நான் பதிலைப் பதிந்து திருப்பி அனுப்புவேன். ஒரே கேசட் போய்ப்போய் வந்தது. புதிது வாங்குவது வீண் செலவு என்பார். மனிதர் சிக்கனத்தில் கெட்டி.

ஒருமுறை வந்தது நான் அனுப்பிய கேசட் இல்லை, நிறமே வேறு. பழையது அறுந்திருக்கும் என்று நினைத்துப் போட்டேன். "நல்லா இருக்கியா? பையன் ஒழுங்கா பள்ளிக்கூடம் போறானா?" என்று வழக்கமான பேச்சு. சீக்கிரமே முடித்துவிட்டார். இன்னும் ஏதாவது சொல்வார் என்ற ஆசையில் நிறுத்தாமல் விட்டேன். டக்கென்று ஒரு பெண் குரல்.

"பாப்பாவுக்குப் பல்லு முளைச்சிருச்சுங்க. அப்பா எங்கன்னா உங்க போட்டோவக் காட்டுறா. இடது காது கேக்கலைன்னீங்களே, டாக்டர்கிட்ட போனீங்களா?"

அவருக்கு இடது காது மந்தம். அவள் அனுப்பிய கேசட்டில் எனக்குப் பதில் பேசியிருக்கிறார், கேசட் மாறியதுகூடத் தெரியாமல்.

லீவில் வந்தபோது கேட்டேன். "கூட இருக்கறவன் கேசட்டு அது. ஊருல எத்தனை பேருக்குக் காது மந்தம்!" என்று சாதித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். அந்தக் கேசட்டை மட்டும் நான் திருப்பி அனுப்பவில்லை. புடவைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு, அப்பா குரல் வேண்டுமென்று மகன் கேட்டான். "டேப்பை நம்ப முடியாதும்மா, பூஞ்சை புடிச்சிரும். டிஜிட்டல்ல ஏத்திட்டா அப்படியே இருக்கும்." கொடுத்தேன். என் வாயால் சொல்ல முடியாததை அவனே கேட்டுக்கொள்ளட்டும் என்றுதான் கொடுத்தேன்.

தர்மபுரியில் யாரிடமோ கொடுத்து மாற்றிக் கொண்டுவந்து செல்போனில் போட்டுக் காட்டினான். இரைச்சலே இல்லை. அவர் பேசி முடித்ததும் அதுவும் நின்றுவிட்டது.

"மீதி எங்கடா?"

"அவ்ளோதாம்மா இருந்துச்சு."

"கேசட்டு?"

"இனி அது எதுக்கு? தூக்கிப் போட்டுட்டேன்."

என் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்டிருக்கிறான், கேட்டுவிட்டுத்தான் வெட்டியிருக்கிறான். நான் சந்தேகப்பட்டது பொய்யில்லை என்பதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்த நாடாதான். அதை அழித்துவிட்டு என் பிள்ளை கேட்கிறான்:

"அப்பா குரல் எவ்ளோ சுத்தமா இருக்கு, பாத்தியாம்மா?"